சுயநிர்ணயமா, சகிப்பா? முதலில் எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசுவோம்

(காவிரி டெல்டாக்காரர்கள் சிலர் ஊர்ப் பெயர்களில் எழுதிய விவாதம்)

வெண்ணாற்றங்கரை:

மதத்தால் பிளந்து கிடக்கும் ஒரு பகுதி எந்த நாட்டோடு இருப்பது என்பதை அங்கே வாழ்கிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்கிறோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எது அந்தப் "பகுதி"? ஓட்டுப்பெட்டி வந்து சேரும் முன்பே யாரோ ஒருவர் வரைபடத்தில் கோடு போட்டிருப்பார். பாதி முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிடும்.

வட அயர்லாந்தைப் பாருங்கள். அல்ஸ்டர் மாகாணத்தில் ஒன்பது கவுண்டிகள், நம் மாவட்டம் போல. 1920-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் அதில் ஆறை மட்டும் தனியே எடுத்தது. கத்தோலிக்கர் மிகுந்த டோனகல், கேவன், மோனகன் மூன்றையும் சேர்த்தால் பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை மெலிந்துவிடும். விட்டுவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு உறுதி. ஆனால் எடுத்த ஆறுக்குள்ளேயே டைரோன், ஃபெர்மனா இரண்டிலும் கத்தோலிக்கர்தான் கூடுதல். அயர்லாந்து முழுவதையும் எண்ணினால் ஒரு விடை, ஆறு கவுண்டியை எண்ணினால் இன்னொன்று, டைரோனை மட்டும் எண்ணினால் மறுபடியும் முதல் விடை. மூன்றையும் சுயநிர்ணயம் என்றே சொல்லலாம். நிரந்தரப் பெரும்பான்மைக்காகப் போட்ட கோடு நூறு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் பின்னணி உள்ளவர்கள் 43.5 சதவீதம்.

நம் நாட்டிலும் 1947 ஜூலை 6, 7 தேதிகளில் சில்ஹெட் மாவட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. பாகிஸ்தானுக்குப் போகும் கிழக்கு வங்கத்தோடு சேர 2,39,619 பேர், அஸ்ஸாமிலேயே இருக்க 1,84,041 பேர். தோற்றவர்களும் கொஞ்சநஞ்சம் இல்லை. பிறகு வந்த ராட்கிளிஃப் கோடு என்ற இந்திய-பாகிஸ்தான் எல்லை அந்த மாவட்டத்தையே வெட்டி, கரீம்கஞ்ச் பகுதியை இந்தியாவில் விட்டது. மாவட்டம் மொத்தமாக ஓட்டுப் போட்டது. துண்டாகப் பிரிந்து போனது.

பிரிட்டிஷ் அரசமைப்பு அறிஞர் ஐவர் ஜென்னிங்ஸ் இதை 1956-இலேயே சொல்லியிருக்கிறார். மக்கள் முடிவெடுக்க வேண்டுமானால், அந்த மக்கள் யார் என்று வேறு யாரோ முதலில் முடிவெடுத்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் என்பதையும் நாம் மறக்க வேண்டாம்.

என் நிலை இதுதான்: ஓட்டில் தோற்கப்போகிறவன் யார் என்பது கோடு போடும்போதே தெரியும். அவனுக்கு என்ன உரிமை என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தலையை எண்ண வேண்டும். டெல்டாவில் இருக்கும் நமக்கு இது ஏட்டுப் பேச்சு இல்லை. கோடியக்கரையிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் யாழ்ப்பாணம்.

கோடியக்கரை:

அண்ணே, வரிசையைத் தலைகீழாக வைக்கிறீர்கள். எழுதிக் கையெழுத்துப் போட்ட உரிமை இலங்கையில் எங்கள் மக்களுக்கு இல்லாமலா இருந்தது? அந்த ஜென்னிங்ஸ் கை வைத்த சோல்பரி அரசமைப்பில் 29-ஆம் பிரிவு இருந்தது. ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் சாதகமாகவோ பாதகமாகவோ சட்டம் போடக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. 1948-இல் மலையகத் தமிழர் குடியுரிமை போயிற்று. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம். 1957-இல் பிரதமர் பண்டாரநாயக்க தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டார். அடுத்த ஆண்டே கிழித்தார். 1972-இல் புதிய அரசமைப்பு வந்து பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, 29-ஆம் பிரிவையே காணாமல் ஆக்கியது. அதற்குப் பிறகுதான் 1976-இல் தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். அதை வைத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் 1977 தேர்தலில் நின்று 18 இடம் ஜெயித்தார்கள். பதில் என்ன? தமிழர் மீதான 1983 ஜூலை வன்முறை. ஆகஸ்டில் ஆறாவது திருத்தம்: தனிநாடு கேட்பதே குற்றம்.

பொறுத்துப் போ, அனுசரித்துப் போ என்று எப்போதும் சின்னவனிடம்தான் சொல்கிறார்கள். பெரியவன் மனசு வைத்தால் வாழலாம், மனசு மாறினால் ஓடலாம் என்ற நிலைக்குப் பெயர் நல்லிணக்கம் இல்லை. தனக்கென்று ஒரு அதிகாரம் இல்லாதவனுக்கு எழுதிக் கொடுத்த உரிமை மை காயும்வரைதான்.

நாகூர்வாசி:

தம்பி கோடியக்கரை எழுதியதில் ஒரு வரிகூட எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நீங்கள் 1983-இல் நிறுத்திவிட்டீர்கள். நான் 1990-இலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் அக்டோபரில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம். மொத்தம் ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். நகை, பணம், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, கையில் சில நூறு ரூபாயோடு நடந்து போனார்கள். பெரும்பாலானவர்கள் வட மாகாணத்துக்கு வெளியே புத்தளத்தில் போய் ஒதுங்கினார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், கடைக் கணக்கு தமிழ். அதற்கு இரண்டு மாதம் முன்பு கிழக்கு மாகாணத்துக் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டது தனிக் கதை.

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் மரைக்காயர் குடும்பங்களுக்கு அந்தக் கரையோடு தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல், சம்பந்தம். அதனால் எங்கள் வீடுகளில் இதைச் செய்தியாகக் கேட்கவில்லை; யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்பது இதுதான். சிங்களப் பெரும்பான்மையிடமிருந்து பிரிய உங்களுக்கு உரிமை உண்டு என்றால், அந்தத் தாயகத்துக்குள் இருக்கும் சின்னவன் எங்கே போய் உரிமை கேட்பான்? கொழும்பு உங்களை நடத்தியது போல நீங்கள் மன்னார் முஸ்லிமை நடத்த மாட்டீர்கள் என்பதற்கு என்ன ஜாமீன்? 2002-இல் புலிகளின் சார்பில் ஆன்டன் பாலசிங்கம் பத்திரிகையாளர்கள் முன்னால் வருத்தம் தெரிவித்தார். நல்லது. பன்னிரண்டு வருஷம் கூடாரத்தில் கழித்தவர்களுக்கு அது ஜாமீன் ஆகாது.

கோடியக்கரை:

பாய், 1990-ஐ நியாயப்படுத்த என்னால் முடியாது, முயலவும் மாட்டேன். அது கொடுமை. ஆனால் ஒரு இயக்கம் செய்ததை வைத்து ஒரு மக்களின் உரிமையே இல்லை என்று ஆக்கிவிட முடியுமா என்று மட்டும் கேட்கிறேன்.

நாகூர்வாசி:

உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை தம்பி. அந்த உரிமையை உரசிப் பார்க்கும் இடம் கொழும்பு இல்லை, மன்னார் என்கிறேன்.

காரைக்கால் கடற்கரை:

நம்ம பக்கத்திலேயே ஒரு நாடு மாற்றம் நடந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். காரைக்காலும் அதில் அடக்கம். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று. அதன்பின் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே இருக்கலாம். கொடுத்தவர்கள் கொடுத்தார்கள், அவர்கள் பிள்ளைகள் இன்றும் இங்கே பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். யாரையும் யாரும் ஊரை விட்டுப் போகச் சொல்லவில்லை. மதம் அங்கே பிரிவினைக் கோடாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் தோற்ற எட்டுப் பேரின் பக்கம் நின்றவர்களுக்கும் ஒரு கதவு திறந்திருந்தது. அதைக் கவனியுங்கள்.

தரங்கைச் செல்வி:

ஆளை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்களும் உண்டு. 1923 ஜனவரியில் லோசான் உடன்படிக்கை. கிரீஸும் துருக்கியும் தங்கள் சிறுபான்மையைப் பண்டமாற்றுப் போல மாற்றிக்கொண்டன. ஏறக்குறைய 12 லட்சம் பேர் கிரீஸுக்கு, சுமார் 4 லட்சம் பேர் துருக்கிக்கு. யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்று எதை வைத்துப் பார்த்தார்கள்? மதத்தை மட்டும். அனடோலியாவில் துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள் புரியாத பாஷை பேசும் கிரீஸில் இறக்கப்பட்டார்கள். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கியில். அவர்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை, விருப்பம் கேட்கவில்லை. நாகூர் பாய் சொன்ன புத்தளத்து மனிதர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. இந்த மாதிரி விவாதம் வந்தாலே நம் ஆட்கள் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் இந்துக்களைச் சொல்வார்கள். நாகூர் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்ததைச் சொல்வார்கள். எல்லாம் உண்மை, எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் நாகப்பட்டினத்துப் பௌத்தச் சூடாமணி விகாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்ரீவிஜய மன்னன் கட்டியதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரை எழுதிக் கொடுத்தான். நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போன செப்பேட்டில் அது இருக்கிறது. மிச்சம் நின்ற செங்கல் கோபுரத்தை 1867-இல் இயேசு சபையார் அரசின் அனுமதியோடு இடித்தார்கள். கேட்க ஒரு பௌத்தர்கூட ஊரில் இல்லை. நான் கிறிஸ்தவப் பெண். என் திருச்சபையின் கணக்கில்தான் இது வருகிறது என்று தெரிந்தே சொல்கிறேன். மன்னர் தந்த மரியாதைக்கும் சட்டம் தரும் பாதுகாப்புக்கும் உள்ள தூரத்தை அந்த வெற்று மைதானத்தில் பார்க்கலாம்.

மன்னார்குடி வக்கீல்:

நாடு, எல்லை என்று மேலேயே பேசிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் தெருவுக்கு வருவோம். ஏனென்றால் சுயநிர்ணயம் என்கிற ஆசை ஒரு தெருவுக்குள்ளும் இருக்கிறது. "இந்தத் தெருவில் நாங்கள் அதிகம், உங்கள் ஊர்வலம் இங்கே வரக் கூடாது." இதுவும் அதே வாதத்தின் சின்ன வடிவம்தான்.

பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் வழக்கு நினைவிருக்கும். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர். கோயில் திருவிழா ஊர்வலம் எல்லாத் தெரு வழியாகவும் போகக் கூடாது என்று ஆட்சேபம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் என்பதற்காக மற்ற மதத்தாரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது, பொதுத் தெரு எல்லோருக்கும் பொது என்றது. இந்த ஆட்சேபத்தை ஒத்துக்கொண்டால் நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எந்த ஊர்வலமும் நடத்த முடியாமல் போகும் என்றும் சுட்டிக்காட்டியது. எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்த இடம் அதுதான். உள்ளூர்ப் பெரும்பான்மை தனக்காகப் போடும் விதி நாளைக்கு அடுத்த ஊரில் தன் ஆளின் மேலேயே விழும்.

ஆனால் இதோடு முடியவில்லை. பொதுத் தெரு என்றால் எப்படி வேண்டுமானாலும் போகலாமா? வட அயர்லாந்தில் போர்டவுன் என்று ஒரு ஊர். ஆரஞ்சு சங்கம் என்ற புராட்டஸ்டண்ட் அமைப்பினர் டிரம்க்ரீ தேவாலயத்திலிருந்து கார்வாகி ரோடு வழியாக வருஷா வருஷம் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். அது காலங்காலமான பாதை என்பது அவர்கள் பக்கம். அந்த ரோட்டில் குடியிருப்பது கத்தோலிக்கர். 1690-இல் புராட்டஸ்டண்ட் மன்னர் எங்களை ஜெயித்ததைக் கொட்டடித்து எங்கள் வாசலில் நினைவூட்டுகிறார்கள் என்பது இவர்கள் பக்கம். 1995 முதல் சில ஆண்டுகள் ஒவ்வொரு ஜூலையும் முற்றுகை, கல்வீச்சு, தீவைப்பு. 1998-இல் ஊர்வலத்தைத் தடுத்ததும் கலவரம் மாகாணம் முழுக்கப் பரவியது. அந்த நாட்களில் பாலிமனி என்ற ஊரில் ஒரு வீட்டுக்குத் தீ வைத்து மூன்று சிறுவர்கள் செத்தார்கள்.

அங்கே என்ன செய்தார்கள் என்றால், ஊர்வலப் பாதையைப் போலீஸ் கையிலிருந்தும் அரசியல்வாதி கையிலிருந்தும் எடுத்து, ஊர்வல ஆணையம் என்று தனி அமைப்பிடம் கொடுத்தார்கள். ஊர்வலத்தார் முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். குடியிருப்போரும் ஆட்சேபம் சொல்லலாம். ஆணையம் எழுத்தில் காரணத்தோடு உத்தரவு போடும். தேவாலய வாசலில் பாட்டு இல்லாமல் ஒற்றைக் கொட்டுத் தட்டு மட்டும், இத்தனை மணிக்குள் கடந்துவிட வேண்டும், இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று துல்லியமாக இருக்கும். பள்ளிவாசல் முன்னால் மேளத்தை நிறுத்திப் போகும் வழக்கம் நம்மிடம் பல ஊர்களில் இருக்கிறதே, அதேதான். நம்மிடம் அது வழக்கம். யாராவது ஒருவர் மீறினால் போயிற்று.

முத்துப்பேட்டை ரோடு:

வக்கீல் சார் எங்க ஊர்ப் பேரைச் சொல்லாமல் விட்டது மரியாதைக்காக என்று புரிகிறது. நானே சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் விநாயகர் ஊர்வலம் அன்றைக்கு எங்க ஊர்க் கடைத்தெரு மூடிக்கிடக்கும். வெளிமாவட்டப் போலீஸ் வந்து இறங்கும். பாதைக்காகக் கோர்ட்டுப் படி ஏறியதும் உண்டு. இதே ஊரில்தான் ஜாம்பவானோடை தர்காவுக்கு இந்துக் குடும்பங்கள் வந்து தங்கி வேண்டிக்கொள்கின்றன. அதே ஆட்கள், அதே தெரு.

எங்களுக்கு எரிச்சல் எது தெரியுமா சார்? பாதையைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் பேச ஆரம்பிப்பது. போன வருஷம் ஒத்துக்கொண்டது இந்த வருஷம் செல்லாது. பேச்சுவார்த்தை நடக்கும் அந்த ஒரு வாரம்தான் வெளியூர்க்காரர்களுக்கு வாய்ப்பு. நீங்கள் சொன்ன மாதிரி எழுத்தில், காரணத்தோடு, நிரந்தரமாக ஒன்று இருந்தால் கடை வைத்திருப்பவன் நிம்மதியாக இருப்பான். எந்தப் பாதை என்பதுகூட இரண்டாவது விஷயம்தான்.

வெண்ணாற்றங்கரை:

முத்துப்பேட்டை நண்பர் சொன்னதைத்தான் பெரிய அளவில் வட அயர்லாந்தின் 1998 பெல்ஃபாஸ்ட் அமைதி ஒப்பந்தம் செய்தது என்று நினைக்கிறேன். ஏறக்குறைய 3,500 உயிர் போன பிறகு. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. வட அயர்லாந்து மக்களில் பெரும்பான்மை விரும்பினால் ஒரு நாள் அயர்லாந்தோடு சேரலாம் என்று சுயநிர்ணயத்தை ஒத்துக்கொண்டார்கள். அதே மூச்சில், எந்த அரசு ஆண்டாலும் இரண்டு தரப்பையும் பாரபட்சம் இல்லாமல் சம மதிப்போடு நடத்தும் கடமை உண்டு என்றும் எழுதினார்கள். பிரிட்டிஷ் ஆகவோ ஐரிஷ் ஆகவோ இரண்டுமாகவோ இருப்பது அவரவர் உரிமை. நாடு மாறினாலும் அது மாறாது. ஓட்டின் முடிவு எதுவானாலும் தோற்றவனின் நிலை முன்பே எழுதப்பட்டுவிட்டது. வட அயர்லாந்து ஓட்டெடுப்பில் 71 சதவீதம் பேர் இதை ஆதரித்தார்கள்.

அதே காலத்து போஸ்னியாவைப் பக்கத்தில் வையுங்கள். 1992-இல் யூகோஸ்லாவியாவிலிருந்து விடுதலைக்கான ஓட்டெடுப்பைச் செர்பியர் புறக்கணித்தார்கள். மற்றவர்கள் போட்ட ஓட்டில் விடுதலை ஜெயித்தது, போர் வந்தது. 1995-இல் டேடன் ஒப்பந்தம் நாட்டை 51, 49 என்று பங்கு போட்டது. குடியரசுத் தலைமையில் ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு குரோட், ஒரு செர்பியர். போர் நின்றது, அது பெரிய விஷயம். ஆனால் யூதரோ ரோமா இனத்தவரோ அந்தப் பதவிக்கு நிற்கவே முடியாது. இது பாகுபாடு என்று 2009-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த விதி இன்னும் போகவில்லை. அதிகாரத்தை இனவாரியாகப் பங்கு போட்டால் பங்குப் பட்டியலில் இல்லாதவன் ஆளே இல்லை என்று ஆகிவிடுகிறது. அதனால் கோடியக்கரைத் தம்பியின் "அதிகாரம்" வேண்டும் என்ற வாதத்தை முழுசாக ஏற்கிறேன். பங்கு யாருக்கு என்பதில்தான் தயங்குகிறேன்.

கோடியக்கரை:

சரி அண்ணே, கிழக்கு மாகாணத்துக்கு வாருங்கள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. இணைப்பு தொடர வேண்டுமா என்று 1988 முடிவுக்குள் கிழக்கில் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். தள்ளித் தள்ளி அது நடக்கவே இல்லை. 2006-இல் இணைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூன்று பேர் இருக்கும் மாகாணம், யாரும் தனியாகப் பாதியைத் தாண்ட மாட்டார்கள். அங்கே உங்கள் கணக்குப்படி என்ன செய்வது?

நாகூர்வாசி:

நான் சொல்கிறேன் தம்பி. கேள்வித்தாளுக்கு முன்னால் வாக்காளர் பட்டியல். மொரோக்கோவோடு இருப்பதா தனிநாடா என்று மேற்கு சஹாராவில் ஓட்டெடுப்பு நடத்த ஐ.நா. 1991-இல் போயிற்று. யார் வாக்காளர் என்ற பட்டியலிலேயே மாட்டிக்கொண்டு இன்றுவரை நடக்கவில்லை. வடக்கோடு சேர்வதா என்று கிழக்கு முஸ்லிமிடம் கேட்டால், வடக்கிலிருந்து துரத்தப்பட்டவன் கதியைப் பார்த்துத்தான் அவன் ஓட்டுப் போடுவான். ஆகவே புத்தளத்தில் இருக்கும் வடக்கு முஸ்லிம் குடும்பங்கள் வடக்கின் பட்டியலில் முதலில் ஏற வேண்டும். அவர்கள் நிலம் அவர்கள் கையில் திரும்ப வேண்டும். போருக்குப் பிறகு திரும்பப் போனவர்களுக்கு மன்னார் மாவட்டத்து முசலி பக்கம் நிலத் தகராறு, காட்டை அழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு.

கோடியக்கரை:

ஏற்கிறேன் பாய். கூடவே என் பக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 1983 முதல் கடல் தாண்டி வந்து மண்டபத்திலும் திருச்சி கொட்டப்பட்டிலும் முகாமில் இருப்பவர்கள், அங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகள், எல்லோரும் அதே பட்டியலில் வர வேண்டும். புத்தளமும் கொட்டப்பட்டும் ஒரே பட்டியலில் இருந்தால் நான் உங்கள் வரிசைக்குச் சம்மதிக்கிறேன்.

நாகூர்வாசி:

ஒரே பட்டியல். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

மன்னார்குடி வக்கீல்:

பட்டியலைக் கொழும்பு எழுதினால் நீங்கள் இருவருமே நம்ப மாட்டீர்கள். இந்தோனேசியா பிடித்து வைத்திருந்த கிழக்குத் திமோரில் 1999-இல் ஐ.நா.வே எழுதியது, வெளிநாட்டில் இருந்தவர்களையும் சேர்த்தது. ஆகஸ்ட் 30 அன்று 78.5 சதவீதம் விடுதலைக்கு ஓட்டு. எண்ணிக்கையில் யாரும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பாதுகாப்பை இந்தோனேசியப் படையிடமே விட்டிருந்தார்கள். முடிவு வந்ததும் ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகக் கொளுத்தின; பன்னாட்டுப் படை செப்டம்பர் 20-க்குத்தான் வந்து இறங்கியது. அதனால் உங்கள் பட்டியலுக்குக் கீழேயே இன்னொரு பத்தி சேருங்கள்: முடிவு அறிவித்த அன்று ராத்திரி மன்னாரிலும் மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் தெருக்காவலுக்கு யாருடைய ஆட்கள், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மாதம்.